தலைமையாசிரியர் முதலில் சாப்பிடுவார்

முளைவிட்ட பச்சைப்பயறைக் கடித்தால் பல்லுக்கடியில் 'நறுக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதையடுத்து நாக்கில் பச்சைப் புல் வாசனையும் லேசான இனிப்பும் பரவும். இப்போதெல்லாம் அதைப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து சூப்பர் மார்க்கெட்டில் விற்கிறார்கள். வாங்கிவந்து வாயில் போட்டு மெல்லும்போதெல்லாம் எனக்கு எங்கள் பள்ளி மைதானத்தின் புழுதியும், கூட ஓடிய தோழிகளின் வியர்வையும், மழைநாளில் விளையாட்டுச் சாமான் அறையில் அடிக்கும் மக்கல் நெடியும் சேர்ந்தே வந்துவிடும். ஒரு பயறுக்குள் இத்தனை இருப்பதாக எந்த டப்பாவின் மேலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

நான் ஒன்பதாம் வகுப்பு படித்த வருஷம் அது. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் குடியிருந்தோம். அப்பா 'எஸ்டேட்டு'க்கு, அதாவது தொழிற்பேட்டைக்கு, லேத் வேலைக்குப் போவார்; அம்மா ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பாள். கம்பெனி வண்டி தெருமுனையில் ஹாரன் அடிப்பதற்குள் அம்மா இருவருக்கும் மதியச் சோறு கட்டியாக வேண்டும் என்பதால் எங்கள் வீட்டுக் காலை எப்போதும் ஓட்டமாகவே இருக்கும். எனக்கு மதியம் பள்ளியில் சத்துணவு உண்டு, முட்டையும் உண்டு. காலையில் ஒரு டம்ளர் டீ, அதில் தோய்த்துத் தின்ன ஒரு 'பொறை', டீக்கடையில் விற்கும் காய்ந்த ரொட்டி. அதைச் சாப்பாடு என்றும் நாங்கள் சொல்லவில்லை, பட்டினி என்றும் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் பாதிப் பிள்ளைகளின் காலை அப்படித்தான் விடிந்தது.

அதனால் பள்ளிப் பிரார்த்தனையில் யாராவது மயங்கி விழுவது எங்களுக்குப் பெரிய செய்தியாக இருந்ததே இல்லை. தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்து, திருக்குறள் முடிந்து, தலைமையாசிரியர் அறிவுரை சொல்லத் தொடங்கும்போது வரிசையில் எங்கேயோ 'தொப்' என்று சத்தம் கேட்கும். "விக்கெட் உழுந்துச்சி மாமே" என்று பையன்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்பு வரும். விழுந்தவளை நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுப்பார்கள். அவள் அடுத்த பாடவேளைக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் அறிவியல் புத்தகத்தில் ஊட்டச்சத்து பற்றி முழுசாக ஒரு பாடம் இருந்தது. புரதம் குறைந்தால் வரும் நோய்களின் பெயர்களை, 'குவாஷியார்கர், மராஸ்மஸ்' என்று, ஸ்கிப்பிங் கயிற்றுக்குத் தாளமாகவே பாடிக் குதிப்போம். நான் அந்தப் பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள். அந்தப் பாடத்துக்கும் பக்கத்து வரிசையில் விழுகிறவளுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அதைத் தோன்றவைத்தவள் பவானி. நெடுநெடுவென்று வளர்ந்தவள், எங்கள் கோ-கோ அணியில் அவளைப்போலத் துரத்துகிறவள் கிடையாது. ஓடிக்கொண்டே கம்பத்தைப் பிடித்துச் சுழன்று திரும்புவாள் பாருங்கள், எதிரணிப் பெண்கள் தப்பிக்க மறந்து நின்று பார்ப்பார்கள். அவள் அப்பா விடியுமுன் லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கோயம்பேடு போய்விடுவார். அம்மா புது ஃபிளாட்டுகளில் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். "எங்க ஊட்ல அடுப்பு சாயங்காலந்தான் பத்தும்" என்பாள், மழை பெய்கிறது என்று சொல்வதுபோல.

வட்டாரப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தபோது பவானி பிரார்த்தனையில் விழுந்தாள். அந்த வாரத்திலேயே மறுபடியும் விழுந்தாள். எங்கள் பி.டி. மிஸ் பயந்துபோனார். "இன்னொரு தடவ விழுந்தேன்னா உன்ன மேட்சுக்குக் கூட்டிட்டுப் போகமாட்டேன். கிரவுண்டுல ஏதாவது ஆயிட்டா உங்கப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?" என்றார். கண்டிப்பாகத்தான் சொன்னார், ஆனால் சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

பவானி இல்லாமல் எங்களுக்கு அணியே இல்லை. பயிற்சி முடிந்து மைதானத்து ஓரம் உட்கார்ந்திருந்தபோது, நாளையிலிருந்து ஆளுக்கு ஒருநாள் அவளுக்கு வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவருவது என்று முடிவு செய்தோம். அவளுக்கு வந்ததே கோபம்!

"நான் இன்னா பிச்சயா எடுக்கறேன்? நீங்கள்லாம் துன்ட்டா வரீங்க? கவி, நீ சொல்லு, காலைல இன்னா துன்ன?"

"டீ. ஒரு பொறை" என்றேன்.

"நீ?"

"டீதான்."

"ஏய், நீ?"

"நேத்து சோறு கொஞ்சம் இருந்துச்சி. தம்பி துன்ட்டான்."

பவானி எங்களை வரிசையாகப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "அப்ப எனக்கு மட்டும் இன்னாத்துக்குடி? துன்னா எல்லாரும் துன்னணும். இல்லாங்காட்டி யாரும் வாணாம்."

இப்படித்தான் அது தொடங்கியது. அடுப்பு வேண்டும் என்று சத்துணவுக் கூடத்துக் கனகம்மாவிடம் போய்க் கேட்டோம். சுண்டல் வேகவைக்க ஒரு ஓரம் கொடுத்தால் போதும் என்று கெஞ்சினோம். "அய்ய, கேஸ் கணக்கா குடுக்கறாங்கம்மா. நாள பின்ன யாராச்சும் வந்து கேட்டா நான் இன்னா சொல்வேன்? எனக்கு வேல பூடும்" என்று கைவிரித்துவிட்டார். அவர்மேல் தப்பில்லை. அடுப்பில்லாமல் என்ன சாப்பிட முடியும் என்று யோசித்தபோதுதான் என் மதிப்பெண்ணுக்கு முதல்முறையாக ஒரு வேலை வந்தது. முளைகட்டிய பயறு பற்றி அந்தப் பாடத்தில் ஒரு கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். தண்ணீரும் ஈரத்துணியும் போதும், தீ வேண்டாம்.

ஆளுக்கு ஒரு பிடி என்று பேச்சு. பச்சைப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, வேர்க்கடலை என்று அவரவர் வீட்டு டப்பாவில் இருந்தது வந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடிவந்திருந்த ஒருத்தி 'தட்டாம்பயறு' என்று கொண்டுவந்ததைப் பார்த்து, "இது காராமணிடீ" என்று நாங்கள் சொல்ல, இல்லவே இல்லை என்று அவள் சண்டைக்கு நிற்க, கடைசியில் இரண்டும் ஒன்றுதான் என்று தெரிந்தபோது அவளுக்கு அந்தப் பெயரே பட்டமாகிவிட்டது. கொண்டுவர எதுவும் இல்லாதவள் உப்புக் கொண்டுவருவாள். உப்பும் இல்லாதவள் துணியை அலசிப் பிழிவாள். ஏன் கொண்டுவரவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. இதை நாங்கள் பேசி வைத்துக்கொண்டதாக ஞாபகமே இல்லை.

விளையாட்டுச் சாமான் அறையில், கிழிந்த வாலிபால் வலைக்குப் பின்னால் ஓர் ஆணியில் மூட்டை தொங்கியது. காலைப் பயிற்சி முடிந்ததும் அதை அவிழ்த்து ஆளுக்கு ஒரு கை. உடனே உடம்பில் சக்தி பொங்கிவிட்டது என்று கதைவிட மாட்டேன். முதல் வாரம் வந்தது சக்தியல்ல, வாயு. கோ-கோவில் வரிசையாகக் குந்தி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பாதி நேரம் சிரிப்பிலேயே போயிற்று. பி.டி. மிஸ் விசிலை வாயில் வைத்தபடி ஊதவும் முடியாமல் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். ஆனால் மெல்ல மெல்ல வயிறு பழகியது. பவானி பிரார்த்தனையில் நிமிர்ந்து நின்றாள். கணக்குப் பாடவேளையில் எனக்குத் தலை கனப்பது நின்றிருந்ததை நானே ஒருநாள் திடீரென்று கவனித்தேன்.

பிறகு மழை வந்தது. மழைக்காகப் பள்ளிக்குத் தொடர்ந்து விடுமுறை விட்டார்கள். ஆணியில் தொங்கிய மூட்டை எங்கள் யார் நினைவுக்கும் வரவில்லை. பள்ளி திறந்த அன்று காலை வராந்தா முழுக்க ஒரு நாற்றம். எலி செத்துக்கிடக்கிறது என்று ஒரு கட்சி, பெருச்சாளி என்று இன்னொரு கட்சி. தலைமையாசிரியரே மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகத் தேடிவந்தார். கடைசியில் காவலாளி ஒரு குச்சியின் நுனியில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அது நுரைத்து, பிசுபிசுவென்று வராந்தாவில் சொட்டியது.

"யாருது இது?" என்றார் தலைமையாசிரியர்.

அவர் உயரமானவர், குரல் அதைவிட உயரம். நாங்கள் தரையைப் பார்த்தோம். பவானி மட்டும் ஓர் அடி முன்னே வந்தாள்.

"எங்களுது சார்."

"என்ன இது?"

"டிபன் சார்."

அங்கே நின்ற ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் அந்த மூட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சத்தம் போட்டார். "ஒரு பிள்ளைக்கு வாந்தி பேதி ஆச்சுன்னா யாரு பொறுப்பு? இனிமே பள்ளிக்கூடத்துக்குள்ள இந்த மாதிரி எதையும் ஊறவைக்கறது, கட்டிவைக்கறதெல்லாம் கூடாது. புரியுதா?" புரிந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அழுகிப்போன அந்தப் பயறை யாராவது தின்றிருந்தால் அவர் சொன்னதுதான் நடந்திருக்கும்.

சில நாள்களிலேயே பவானி மறுபடி விழுந்தாள். இந்த முறை கொடிக்கம்பத்து மேடையின் விளிம்பில் நெற்றி மோதி ரத்தம் வந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்த தலைமையாசிரியர்தான் அவளுக்கு மிக அருகில் இருந்தார். ஓடிவந்து அவரே அவளைத் தூக்கினார். அத்தனை உயரமான பெண்ணைத் தூக்கத் திணறுவார் என்று நினைத்தோம், சுலபமாகத் தூக்கிவிட்டார். அந்தச் சுலபம்தான் அவரைத் திடுக்கிடவைத்தது என்று நினைக்கிறேன். தூக்கியபடியே பி.டி. மிஸ்ஸிடம், "என்னம்மா இது, கனமே இல்லையே இந்தப் பொண்ணு" என்றார். அது கேள்வி கேட்பதுபோலவே இல்லை.

மறுநாள் பிரார்த்தனையில் அறிவுரை கிடையாது. தலைமையாசிரியர் நேராக, "இன்னைக்குக் காலையில சாப்பிடாம வந்தவங்க கை தூக்குங்க" என்றார்.

ஒரு கையும் எழவில்லை. எப்படி எழும்? அது வீட்டைக் காட்டிக்கொடுப்பது போல. விடியற்காலையில் எழுந்து ஓடியோடி உழைக்கும் அம்மாவைப் பற்றி ஊர் என்ன நினைக்கும்? எனக்குக் காதுமடல் சுட்டது. அப்போது நெற்றியில் பிளாஸ்திரியோடு நின்ற பவானி கையைத் தூக்கினாள். அரைகுறையாக அல்ல, வகுப்பில் பதில் தெரிந்தவள் தூக்குவதுபோல விறைப்பாக. அதற்குமேல் என்னால் கையைக் கீழே வைத்திருக்க முடியவில்லை. என்னைப் பார்த்து எங்கள் தட்டாம்பயறு, அவளைப் பார்த்து அடுத்தவள் என்று அணி முழுக்கத் தூக்கியது. பிறகு யாரென்றே தெரியாத எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், பத்தாம் வகுப்பு அக்காக்கள். பையன்கள் பக்கம் கொஞ்சம் தாமதம். 'விக்கெட்' என்று முதலில் பெயர் வைத்தவனே கையைத் தூக்கியபோது அந்தப் பக்கமும் காடாக எழுந்தது.

அதோடு முடியவில்லை. திருநின்றவூரிலிருந்து தினமும் ரயிலில் ஓடிவரும் பி.டி. மிஸ், பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கித் தன் கையையும் தூக்கினார். அறிவியல் சார் தூக்கினார். தலைமையாசிரியர் எல்லோரையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். அப்புறம், "நானும் காபிதான்" என்று சொல்லித் தன் நீண்ட கையை உயர்த்தினார்.

பள்ளியே சிரித்தது. அவ்வளவு பெரிய சிரிப்பை அந்த மைதானம் அதற்கு முன்பு கேட்டிருக்காது. பக்கத்துத் தெரு வீடுகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். பசியைச் சொல்லிவிட்டோம், ஒன்றும் இடிந்து விழவில்லை என்ற நிம்மதியில் எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்தது.

அந்த வாரமே தலைமையாசிரியர் பெற்றோர்களைக் கூப்பிட்டுப் பேசினார். தனியாக ஒரு சிலிண்டருக்கு ஏற்பாடு ஆனது. கனகம்மா, "எழுத்துல குட்த்தா நான் இன்னா மாட்டேன்னா சொல்லப்போறேன்?" என்று பெரிய அண்டாவைக் கழுவிவைத்தார். மளிகைக் கடை அண்ணாச்சி கடலை மூட்டையின் அடியில் தங்குவதையெல்லாம் சலித்து அனுப்பினார். பள்ளி மதிலுக்கு மேல் சாய்ந்திருந்த பக்கத்து வீட்டு முருங்கைமரத்துக்காரம்மா, "மதிலுக்கு இந்தாண்ட தொங்கறது உங்களுது, அந்தாண்ட கை வெச்சா உதைப்பேன்" என்று உடன்படிக்கை செய்துகொண்டார். ஆக, காலைச் சுண்டலில் கீரையும் சேர்ந்தது.

தலைமையாசிரியர் வைத்தது ஒரே நிபந்தனை: தினமும் முதலில் அவர் சாப்பிடுவார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மற்றவர்களுக்கு. அண்டாவுக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாழையிலைத் துண்டில் சுண்டலை வாங்கி, நீதிபதிபோல மென்று விழுங்குவார். பள்ளி முழுக்க வரிசையில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

"கீறாரா?" என்று, உயிரோடு இருக்கிறாரா என்ற அர்த்தத்தில், பின்வரிசையிலிருந்து கேட்பார்கள்.

"கீறாரு, கீறாரு" என்று முன்வரிசை பதில் அனுப்பும்.

ஒருநாள் மிளகாய் புரையேறி அவர் இருமியபோது வரிசை அப்படியே ஓர் அடி பின்வாங்கியது. அன்று அவரே சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாகலடா, வந்து சாப்பிடுங்க" என்றார்.

பாடமும் மாறிப்போயிற்று. அறிவியல் சார் ஊட்டச்சத்துப் பாடத்தை முதலிலிருந்து எடுத்தார், புத்தகத்தை மூடிவைத்து. டீயும் பொறையும் உள்ளே போனதும் தெம்பாக இருப்பதுபோல் இருந்து, பிரார்த்தனை நேரத்துக்குள் ஏன் தலை சுற்றுகிறது என்று கரும்பலகையில் மேடும் பள்ளமுமாகக் கோடு போட்டுக் காட்டினார். கீழ் இமையை இழுத்துப் பார்த்து உள்ளே சிவப்பா, ரத்தம் குறைந்து வெளுப்பா என்று சொல்லக் கற்றுக்கொடுத்தது பெரிய தப்பாகிவிட்டது. கொஞ்ச நாளைக்குப் பள்ளியில் எவள் எதிரே வந்தாலும் "கண்ணக் காட்டுடி" என்று இமையை இழுத்தோம். நான் வீட்டில் அம்மாவின் இமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது. அன்றிலிருந்து வண்டி ஹாரன் அடித்தாலும் அவள் வாயில் ஒரு பிடி வேர்க்கடலையைத் திணித்துத்தான் அனுப்புவேன். "இவ எனக்கு மாமியாரு" என்று வண்டியில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரிப்பாளாம்.

மழையால் தள்ளிப்போன வட்டாரப் போட்டி ஆவடியில் நடந்தது. தூக்குவாளி நிறையச் சுண்டலோடு போனோம். எதிரணி பருத்திப்பட்டுப் பக்கத்துப் பள்ளி. அந்தப் பெண்கள் வேப்பமரத்தடியில் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததுமே எங்களுக்குப் புரிந்துவிட்டது. அந்த முகத்தை நாங்கள் கண்ணாடியில் பார்த்திருக்கிறோம். பவானி வாளியைத் தூக்கிக்கொண்டு நேரே அவர்களிடம் போனாள்.

"இன்னாடி பண்ற? அவங்க நம்ம ஆப்போசிட்டு!" என்று நான் பின்னாலேயே ஓடினேன்.

"அதுக்கு? மயங்கி உழுந்தவள ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பா?" என்றாள்.

அவர்கள் வாளியைக் காலி செய்தார்கள். பிறகு மைதானத்தில் இறங்கி எங்களை ஓடவிட்டார்கள் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம். பவானி கடைசி வரை துரத்தினாள், ஒருமுறைகூடக் கால் தடுமாறவில்லை. ஆனாலும் நூலிழையில் தோற்றோம். திரும்பும் ரயிலில் பி.டி. மிஸ் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "சுண்டல் குடுத்துத் தோத்த டீம் உலகத்துலயே நாமதான்" என்றார். பவானி பக்கென்று சிரித்தாள். பட்டாபிராமிலிருந்து வந்த அந்தப் பெட்டியில் அம்பத்தூர் வரும்வரை யாரும் நிம்மதியாக உட்கார்ந்து வந்திருக்க முடியாது, அப்படிச் சிரித்தோம். அடுத்த வருஷம் அதே மைதானத்தில் அந்தப் பள்ளிப் பெண்கள் ஒரு பெரிய வாளியோடு எங்களுக்காகக் காத்திருந்தார்கள். "இந்த வாட்டி எங்க சுண்டல் துன்னுங்க" என்றாள் அவர்கள் கேப்டன்.

இதெல்லாம் நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. நான் இப்போது காட்டுப்பாக்கத்தில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன், கம்ப்யூட்டர் வேலை. பவானி ஆவடியில் போலீஸ். சென்ற மாதம் இருவருமாக எங்கள் பழைய பள்ளிக்குப் போனோம். மைதானத்தின் பெரும்பகுதியில் மாடிக் கட்டடம் எழும்பியிருக்கிறது. விளையாட்டுச் சாமான் அறை இருந்த இடத்தில் சைக்கிள்கள் நிற்கின்றன. முருங்கைமரம் இல்லை, அந்த வீடே இல்லை. காலைச் சுண்டலும் இல்லை. யாரும் அதை நிறுத்தவில்லையாம். தலைமையாசிரியர் ஓய்வு பெற்றார், கனகம்மா வேலையிலிருந்து போனார், புதிதாக வந்தவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியவில்லை. இப்போது ஆரம்பப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குக் காலையில் சுடச்சுட உப்புமாவும் பொங்கலும் அரசே போடுகிறது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனால் ஆறாம் வகுப்புக்குப் போனதும் பசி நின்றுவிடுவதில்லையே.

கட்டடத்து நிழலில் ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சிலர் சிப்ஸ் பாக்கெட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். பவானி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். போலீஸ் அக்காவைப் பார்த்து முதலில் பயந்தவர்கள், அவள் பேச்சைக் கேட்டதும் நெருங்கி வந்தார்கள்.

"காலைல இன்னா துன்னீங்க? பொய் சொன்னா புட்ச்சிக்கினு பூடுவேன்."

"சாப்ட்டேன்க்கா" என்றாள் ஒருத்தி. பக்கத்திலிருந்தவள் அவளை இடித்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு, "இதான்க்கா" என்று பாக்கெட்டைத் தூக்கிக் காட்டினார்கள்.

மணி அடித்தது, ஓடிவிட்டார்கள். வண்டியை எடுக்க நாங்கள் வெளியே வந்தோம். பவானி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பள்ளியைத் திரும்பிப் பார்த்தபடி நின்றாள்.

"திங்கக்கிழம எனக்கு லீவு. காலைல வந்து ஹெட்மிஸ்ஸ பாக்கலாம். உனக்கு லீவாடி?"

எனக்கு லீவு இல்லை. போட்டேன்.